‘நீந்துங்கள்’ என்பது பாதி மருந்தே

சென்ற ஆண்டு கோடை முடிந்து பள்ளிகள் திறந்த சமயம். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமைப்பணி செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நம் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு மீண்டும் வந்தார். மூன்று மாதங்களுக்கு முன் இடுப்புவலிக்காக வந்தவர்தாம் அவர். அப்போது முதுகுத் தசைகளுக்கு உரிய பயிற்சிகளைக் கற்பித்துவிட்டு, சீட்டின் அடியில் “நீச்சல் – நாள்தோறும் 30 நிமிடம்” என்று எழுதிக் கொடுத்தவள் நான். அவரும் சொன்ன சொல் தவறாமல் நீந்தியிருக்கிறார். இடுப்புவலி குறையவில்லை, கூடவே வலத்தோளிலும் கழுத்திலும் புதிய வலி வந்து சேர்ந்திருந்தது. கையை உயர்த்திச் சட்டை மாட்டிக்கொள்ளவும் மகனின் உதவி தேவைப்பட்டது.

“எப்படி நீந்துகிறீர்கள், ஐயா?” என்று கேட்டேன். நாற்காலியில் அமர்ந்தபடியே நீந்திக் காட்டினார். முகம் நிமிர்ந்திருந்தது, கழுத்து பின்னே வளைந்திருந்தது, இரு கைகளும் விறைப்பாக முன்னே வீசப்பட்டு, ஒவ்வொன்றும் எதிர்த்தோளுக்கு நேராகச் சென்று விழுந்தன.

“தலையைத் தண்ணீருக்குள் வைப்பதில்லையா?”

“கடல்ல தலைய உள்ள வெச்சா வர்ற அலை எப்படிம்மா தெரியும்?” என்று திருப்பிக் கேட்டார்.

அவர் சொன்னதில் பிழை இல்லை. பிழை என் சீட்டில் இருந்தது. ‘நீந்துங்கள்’ என்று எழுதிய நான், எந்த நீச்சல், எப்படி, எவ்வளவு என்று எழுதவில்லை. மாத்திரையின் பெயரை எழுதி அளவை எழுதாமல் விட்டதற்கு ஒப்பானது அது. நீச்சலை மருந்தாகத் தருவோர் அதன் முறையையும் சேர்த்தே தரவேண்டும். பெறுவோரும் அதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கடல் கற்றுத்தந்த நீச்சல்

காசிமேட்டிலும் இராயபுரத்திலும் பிறந்து வளர்ந்த மூத்தோர் பலருக்குக் கடலே நீச்சல் ஆசான். உள்நாட்டு ஊர்களில் கிணறு அவ்வேலையைச் செய்தது. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். இவ்விரு பள்ளிகளிலும் பாடம் ஒன்றே: மூழ்காமல் கரை சேர்தல். அந்தப் பாடத்தில் தலை மேலேதான் இருக்கவேண்டும். அலையையும் படகையும் கரையையும் கண்ணில் வைத்துக்கொள்ளாதவன் கடலில் பிழைக்கமாட்டான். உயிர்காப்பு நீச்சலரும் தம்மை நம்பியிருப்பவரைக் கண்பார்வையில் வைத்துத் தலைநிமிர்ந்தே நீந்துகிறார். ஆகவே அந்த நீச்சலைக் குறை கூறுவதற்கில்லை. அது ஆபத்துக்கு உதவும் நீச்சல். சில நிமிடங்களுக்கு உரியது. முதுகுவலிக்காக நாள்தோறும் அரைமணி நேரம் நீந்துவது வேறு தேவை. அதற்கு வேறு நீச்சல் வேண்டும்.

நம் பகுதியில் கடற்பள்ளியும் மெல்ல மூடிக்கொண்டே வருகிறது. சென்னைக் கடலோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களே இன்று இங்குக் கரையாக நிற்கின்றன. குழந்தை இடுப்பளவு நீரில் நின்று கைகால் அடித்துப் பழக மணற்சரிவு வேண்டும். கற்குவியலிலிருந்து குதிப்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எண்ணூர்ப் பக்கத்திலோ 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதியதால் கடலில் எண்ணெய் கலந்தது. 2023 திசம்பர் வெள்ளத்தின்போது கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. புண்ணோ தோல் நோயோ உள்ளவரை அந்த நீரில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. எனவே நோயாளிக்கு நீச்சல் என்றால் இனி அது குளோரின் இட்ட குளத்து நீச்சலே. குளத்தில் அலை இல்லை, படகு இல்லை. தலையைத் தாழ்த்தலாம்.

தலை எழுந்தால் இடுப்பு தாழும்

தலையைத் தாழ்த்துவதால் என்ன பயன்? மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்திக்குச் சமம். காற்று நிறைந்த நுரையீரல் மார்பில் இருப்பதால் மேலுடல் எளிதில் மிதக்கும். எலும்பும் தசையும் மிகுந்த கால்கள் தாழும். தராசுத் தண்டைப்போல, ஒரு முனையில் தலை எழுந்தால் மறுமுனையில் இடுப்பும் காலும் இன்னும் கீழிறங்கும். தாழ்ந்த உடல் தண்ணீரை மார்பால் தள்ளிச் செல்லவேண்டும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அந்தத் தடையை வெல்லும் சுமை முழுவதும் தோள்மூட்டின் மேல் விழுகிறது. அதே நேரத்தில் கழுத்து பின்னுக்கும் இடுப்பு உள்ளுக்கும் வளைகின்றன. எந்த வளைவால் பெரியவருக்கு வலி வந்ததோ, அதே வளைவைத்தான் அவர் நீரிலும் அரைமணி நேரம் பிடித்துவைத்திருந்தார்.

தோளின் நிலையையும் சொல்லவேண்டும். தோள்பட்டை எலும்பின் கூரைக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் இடையே குறுகிய சந்து ஒன்று உண்டு. அதன் வழியே தசைநாண் செல்கிறது. கை விறைப்பாக உள்நோக்கித் திரும்பி, பெருவிரல் முதலாக நீரில் விழுந்து, உடலின் நடுக்கோட்டையும் கடக்குமானால் அச்சந்து மேலும் குறுகி, தசைநாண் நசுங்குகிறது. 1974இல் கென்னடி, ஹாக்கின்ஸ் என்னும் மருத்துவர்கள் இவ்வலிக்கு ‘நீச்சல் வீரரின் தோள்’ என்றே பெயரிட்டு எழுதினார்கள். போட்டி வீரருக்கு வரும் நோய் ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு எப்படி வரும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளத்துக்கு 26 கைவீச்சு. நாளொன்றுக்கு 20 நீளம். மொத்தம் 520 வீச்சு. ஒரு தோளுக்கு 260. வாரம் ஆறு நாளாக மூன்று மாதம் நீந்தினால் ஒரே தோள் இருபதாயிரம் முறைக்கு மேல் சுழன்றிருக்கும். பிழையான அசைவு ஒருமுறை நிகழ்ந்தால் தோள் பொறுத்துக்கொள்ளும். இருபதாயிரம் முறை பொறுக்காது.

முதலில் மூச்சு, பிறகு தூரம்

முறையை எவ்வாறு கற்பது? முழு நீச்சலையும் ஒரே சமயத்தில் திருத்த முயல்வது வீண். ஒரு வேளையில் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை எளிதாக்கிப் பழகவேண்டும். பயிற்றுநர்கள் ‘டிரில்’ என்று கூறுவது இதைத்தான். போட்டியாளருக்கு இவை பல உண்டு. ஃப்ரீஸ்டைல் நீந்தும் நம் நோயாளருக்கு ஐந்து போதும்.

முதலாவது மூச்சு. மார்பளவு நீரில் நின்று, முகத்தை நீரில் வைத்து, மூக்காலும் வாயாலும் மெல்லக் குமிழியிட்டுக் காற்றை வெளிவிடுங்கள். பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சை உள்ளிழுங்கள், முன்னே நிமிர்த்தவேண்டாம். பத்து முறை. தலையைத் தூக்கும் பழக்கத்தின் வேர் மூச்சு பற்றிய அச்சமே. நீருக்குள் மூச்சை அடக்கிவைப்பவர், மேலே வரும் நொடியில் வெளிவிடவும் இழுக்கவும் வேண்டிப் பதறுகிறார். உள்ளேயே வெளிவிட்டுப் பழகியவருக்கு இழுக்கும் வேலை மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது சறுக்கல். சுவரைக் காலால் உந்தி, கைகளைத் தோளகலத்தில் நீட்டி, குளத்தின் தரையைப் பார்த்தபடி அசையாமல் செல்லுங்கள். பின்தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கோட்டில் நிற்பதை உடல் உணரவேண்டும். வேகம் குறைந்ததும் எழுந்து நின்றுவிடலாம்.

மூன்றாவது பக்கவாட்டு உதைப்பு. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீழ்க்கையை முன்னே நீட்டி, மேற்கையைத் தொடையின்மேல் வைத்து, கால்களை மட்டும் அசைத்துச் செல்லுங்கள். உடல் உருண்டு திரும்புவதால்தான் தோளுக்கு இடம் கிடைக்கிறது. தட்டையாகக் கிடப்பவர் கையைத் தோளின் வலிமையால் மட்டுமே சுழற்றவேண்டியிருக்கும். உதைப்பு இடுப்பிலிருந்து பிறக்கவேண்டும். முழங்காலை மடக்கி மிதிவண்டி மிதிப்பதுபோல் உதைப்பது உடலை முன்னே செலுத்தாது.

நான்காவது ‘ஆறு உதைப்பு, ஒரு வீச்சு’. பக்கவாட்டில் சாய்ந்து ஆறு முறை உதைத்தபின் ஒரு கைவீச்சால் மறுபக்கம் திரும்புங்கள். மீண்டும் ஆறு உதைப்பு. இருபுறமும் மூச்செடுக்கும் பழக்கம் இதனால் வரும். எப்போதும் ஒரே பக்கம் மூச்செடுப்பவரின் கழுத்தும் தோளும் ஒருபுறமாகவே உழைக்கின்றன.

ஐந்தாவது விரல்நுனிப் பயிற்சி. மெதுவாக நீந்தும்போது, முன்னே கொண்டுவரும் கையின் விரல்நுனி நீரின் மேற்பரப்பைத் தொட்டபடியே வரட்டும். அப்போது முழங்கை தானாக உயர்ந்து மடங்கும். விறைப்பான வீச்சு மறையும். விரல்கள் முதலாகத் தோளுக்கு நேரே கை நீரில் நுழையவேண்டும். தலைக்கு எதிரே அன்று.

பிழையான கருவியும் கேடு செய்யும். தோள்வலி உள்ளவர் மிதவைப் பலகையை நீட்டிய கைகளால் பிடித்து உதைத்தால், பலகை தோளை மேல்நோக்கித் தள்ளும். அவர்கள் பலகையின்றி மல்லாந்து, கைகளை உடலோரம் வைத்து உதைப்பதே நன்று. கையில் மாட்டும் துடுப்புத் தகடுகள் அவர்களுக்கு வேண்டாம்.

ஒரு நாளின் அரைமணி நேரம்

இவற்றை ஒரு நாளைக்குரிய அளவாக எப்படிப் பிரிப்பது? நான் இப்போது எழுதித் தரும் முறை இது. முதல் 5 நிமிடம் நீரில் நடையும் குமிழிப் பயிற்சியும். அடுத்து எட்டு நீளம்: ஒரு நீளம் ஏதேனும் ஒரு டிரில், அடுத்த நீளம் முழு நீச்சல், என மாறி மாறி. ஒவ்வொரு நீளத்துக்கும் பின் 30 நொடி ஓய்வு. மூச்சு இறைக்கிறது என்றால் ஒரு நிமிடம். பிறகு நான்கு நீளம், கைவீச்சுகளை எண்ணிக்கொண்டு. இறுதி 5 நிமிடம் மல்லாந்து மிதந்து மெதுவான உதைப்பு. மொத்தம் 12 நீளம், 300 மீட்டர். குளத்திற்குக் குளம் நீளம் மாறும்; நீண்ட குளத்தில் 25 மீட்டர் ஆனதும் நின்றுவிடுங்கள்.

எண்ணிக்கையே இங்கு நாடி பார்ப்பது போன்றது. முதல் வாரம் 30 வீச்சில் கடந்த நீளத்தை ஆறாம் வாரம் 25 வீச்சில் கடந்தால், உடல் நேராகிவிட்டது. தோளின் சுமை குறைந்துவிட்டது என்று பொருள். இறுதி நீளத்தில் எண்ணிக்கை திடீரென்று ஏறினால் தசை களைத்துவிட்டது. அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள். களைத்த தசை பழைய பிழைக்கே திரும்பும். அதன்மேல் நீந்தும் ஒவ்வொரு நீளமும் பிழையைத்தான் பழக்கும். எண்ணிக்கையைக் குறைப்பதற்காகக் கையை நீட்டி நெடுநேரம் நின்றுவிடுவதும் கூடாது.

சிலர் கேட்கும் கேள்வி

“நோயாளி வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட எப்படியோ தண்ணீரில் கைகால் அசைத்தால் நல்லதுதானே? இவ்வளவு இலக்கணம் எதற்கு?” என்று உடன் பணிபுரிவோரே கேட்டதுண்டு. இதில் உண்மை இருக்கிறது. மார்பளவு நீரில் நிற்பவரின் மூட்டுகள் தாங்கும் எடை, தரையில் தாங்குவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. நீந்தவே தெரியாதவர் அந்த நீரில் நடந்தாலே முழங்காலுக்கு நன்மை. நோயற்றவர் விளையாட்டாக எப்படி நீந்தினாலும் நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் வலியோடு வந்தவருக்கு மருந்தாக நீச்சலைத் தரும்போது, ‘எப்படியோ’ என்ற சொல்லுக்கு இடமில்லை.

வேறு சிலர் பெரும் நீச்சலரின் தூரங்களை எடுத்துக்காட்டுவர். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையை இருபுறமும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். நம் சென்னையின் குற்றாலீசுவரன் 1994இல், பதின்மூன்று வயதை ஒட்டிய பருவத்தில், ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, 1966இல் ஐந்தைக் கடந்த மிகிர் சென்னின் சாதனையை விஞ்சினார். அவர்களின் தூரம் நம்மை மயக்குகிறது. அத்தூரத்தின் அடிப்படை கண்ணில் படுவதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வீச்சுக்கு ஒரு மீட்டர் என்று கொண்டாலும் முப்பதாயிரம் வீச்சு. ஒரு வீச்சு பிழையானால் தோள் பாதி வழியிலேயே கைவிட்டிருக்கும். நெடுந்தூரம் என்பது சரியான ஒரு வீச்சின் பெருக்கலே.

இறங்குமுன் கேளுங்கள்

எல்லோருக்கும் எல்லா நீச்சலும் பொருந்தாது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவரும் முழங்கால் தேய்மானம் உள்ளவரும், தவளைபோல் காலை அகற்றி உதைக்கும் மார்பு நீச்சலை மருத்துவரைக் கேளாமல் நீந்தவேண்டாம். அவ்வுதைப்பு முழங்காலின் உட்புறத்தை இழுக்கும். முதுகுவலி உள்ளவர் வண்ணத்துப்பூச்சி நீச்சலைத் தவிர்க்கவேண்டும். கழுத்தளவு நீரில் இறங்கும்போது கால்களில் உள்ள குருதி மார்பை நோக்கி ஏறி இதயத்தின் வேலை கூடுவதால், இதயத் தளர்ச்சி உள்ளவரும் அண்மையில் மாரடைப்புக்கு ஆளானவரும் இதய மருத்துவரின் ஒப்புதல் பெறவேண்டும். ஆறாத புண், காதில் ஓட்டை, கட்டுக்குள் வராத வலிப்பு ஆகியவை உள்ளவர் இறங்கலாகாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் வெறும் வயிற்றில் நீந்தாமல், இனிப்பு ஏதேனும் கரையில் வைத்திருப்பது நல்லது. வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும். எவரும் தனியாக நீந்தவேண்டாம்.

இங்குதான் உறவினருக்கும் பங்கு உண்டு. நீந்துபவர் தம் தலையைத் தாம் காண இயலாது. தலை தாழ்ந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டே நிமிர்த்தியிருப்பார். கரையில் நிற்கும் மகளோ பேரனோ மூன்றை மட்டும் கவனித்தால் போதும்: பின்தலை நீரோடு ஒட்டியிருக்கிறதா? கை தோளுக்கு நேரே நுழைகிறதா? ஒரு நீளத்துக்கு எத்தனை வீச்சு? துணைக்கு வந்தவர் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருப்பது, பயிற்சிக்கும் உதவும், பாதுகாப்புக்கும் உதவும்.

பொறுப்பிலிருப்போருக்கும் ஒரு விண்ணப்பம். மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது; வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காக எழுந்த நீச்சல் வளாகம் இருக்கிறது. கல்மண்டபத்திலிருந்து வேளச்சேரிக்கு வலியுள்ள முதுகோடு பேருந்து மாறிச் செல்வது நீச்சலின் பயனைப் பாதி வழியிலேயே தீர்த்துவிடும். மீன்பிடித் தொழிலும் துறைமுகச் சுமையும் தோளையும் முதுகையும் தேய்க்கும் இப்பகுதிக்கு, முதியோருக்கும் பெண்களுக்கும் தனி நேரம் ஒதுக்கி முறை கற்பிக்கும் ஆழமற்ற குளம் நடைதூரத்தில் வேண்டும். கருங்கல் கரையில் குதித்து நீந்தக் கற்கும் சிறுவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். இப்போது என் சீட்டில் நீச்சல் என்று எழுதினால் நான்கு வரிகள் சேர்த்து எழுதுகிறேன்: எந்த நீச்சல், எந்த டிரில், எத்தனை நீளம், எந்த வலி வந்தால் நிறுத்தவேண்டும். உங்கள் சீட்டில் அவ்வரிகள் இல்லையென்றால், தயங்காமல் கேளுங்கள். அது எங்களைக் குறை கூறுவது ஆகாது.

அந்தப் பெரியவர் முதல் நான்கு வாரம் கைகளுக்கு முழு ஓய்வு கொடுத்து, குமிழியும் உதைப்பும் மட்டும் பழகினார். “குழந்தையாட்டம் குமிழி விடச் சொல்றீங்களே” என்று முதலில் சலித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு டிரில்லாகச் சேர்த்தோம். பேரன் கரையில் நின்று எண்ணினான். 31ஆக இருந்த வீச்சு பொங்கலுக்குள் 24 ஆயிற்று. இப்போது சட்டையைத் தாமே மாட்டிக்கொள்கிறார். கனமான வேலை செய்தால் இடுப்பு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. அதை நீச்சல் முற்றிலும் போக்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சென்ற முறை வந்தபோது, “கடல்ல எறங்குனா மட்டும் தலை மேலதாம்மா” என்றார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.